துளு மொழியும் அதனைக் கற்கும் வழியும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையை ஒட்டியுள்ள ஊர் அத்திபெலே. அதன் கடைவீதியில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அன்றாடம் வழங்குகின்றன. இம்மூன்றுக்கும் அரசுண்டு, பள்ளியுண்டு, பத்திரிகையுண்டு. இவற்றோடு உடன்பிறந்ததாயினும் இப்பேறுகளை முழுமையாக எய்தாத மொழியொன்று இதே மாநிலத்தின் மேலைக் கடற்கரையில் வாழ்கின்றது. அதுவே துளு.

துளு நாடு தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றில் மாமூலனார் அந்நாட்டைக் குறித்துள்ளார். துளுவர் வீட்டை ‘இல்லு’ என்பர். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அவர்கள் நாவில் ‘ஒஞ்சி, ரட்டு, மூஜி’ என ஒலிக்கும். ஆயினும் ‘அப்பெ’ என்பது தாயையும் ‘அம்மெ’ என்பது தந்தையையும் குறிக்கும்! ஒலியொற்றுமையை மட்டும் நம்பிப் பொருள் கொள்வோர் இவ்விடத்தில் இடறுவர். ஆகவே, உறவு மொழியைக் கற்பதற்கும் இலக்கணமும் அகராதியும் வேண்டும்.

அவற்றை அச்சில் தந்தவர்கள், 1834-ஆம் ஆண்டு மங்களூரை அடைந்த பாசல் மிஷனைச் சேர்ந்தோர். பிரிகெல் இயற்றிய இலக்கணம் 1872-லும், மேன்னர் தொகுத்த துளு-ஆங்கில அகராதி 1886-லும் வெளிவந்தன. துளுவுக்குத் திகளாரி என்னும் பழைய எழுத்து இருந்தும், அவர்கள் கன்னட எழுத்தையே அச்சுக்குக் கொண்டனர். பின்னர் உடுப்பியில், யு. பி. உபாத்யாயாவைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1988 முதல் 1997 வரை ஆறு தொகுதிகளில் பேரகராதி வெளியிடப்பெற்றது.

பாசல் நகரம் உள்ள சுவிட்சர்லாந்தில் ரோமான்ஷ் என்றொரு சிறுமொழி உண்டு. அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 60,000 பேரே. எனினும் 1938-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதனைத் தேசிய மொழியாக ஏற்றனர். அம்மொழி பேசுவோருடன் கூட்டாட்சி அரசு அம்மொழியிலேயே தொடர்பு கொள்வதற்கு 1996-இல் வழி செய்யப்பட்டது. ஐந்து வட்டார வழக்குகளாகப் பிரிந்திருந்த அதற்கு, 1982-இல் பொது எழுத்து வழக்கொன்றும் வகுக்கப்பட்டது.

துளுவைத் தாய்மொழியாகக் கொண்டோரோ, 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆயினும் நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் துளு இடம்பெறவில்லை. தொகையொன்றே மொழிக்குக் காவலாகாது என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

துளு கற்க விழையும் தமிழர் முதலில் கன்னட எழுத்தைப் பயிலுதல் நன்று. துளு நூல்கள் பெரும்பாலும் அவ்வெழுத்திலேயே உள்ளன. பின்னர் பிரிகெலின் இலக்கணத்தைத் துணைக்கொண்டு, பேரகராதியில் சொற்களைத் தேடலாம். திகளாரி எழுத்தும் 2024-இல் யூனிகோடு என்னும் கணினி எழுத்துத் தரத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்புப் பணியிலிருக்கும் நாம் அறிந்த உண்மை ஒன்றுண்டு: அகராதி இருந்தும் அதனைப் புரட்டுவோர் இல்லையெனில் அது வெறும் சொற்கிடங்கே. துளுவுக்கு நூல்கள் கிடைத்துவிட்டன. இனி வேண்டுவோர் கற்பவரே.