கம்பளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சிப்

முதல் பார்வைக்கு அது வழமையான நவஹோ கம்பளம் மாதிரித்தான் தெரியும். சதுரங்கள், நீள்சதுரங்கள், மெல்லிய கோடுகள். உண்மையில் அது பென்டியம் சிப் ஒன்றின் உட்புறப் படம். இன்டெல் கம்பனி கேட்டதற்காக, மரிலூ ஷூல்ட்ஸ் என்ற நவஹோ நெசவாளர் 1994இல் புகைப்படத்தைப் பார்த்துக் கம்பளி நூலால் நெய்தது. அவர் கணித ஆசிரியரும்கூட.

இது மரபுக் கலையா என்று நாங்கள் முதலில் யோசித்தோம். வரலாற்றைப் பார்க்கப்போனால் அந்தக் கேள்வியே பிழை.

தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்ளும் நவஹோ மக்கள், ஸ்பானியர் கொண்டுவந்த செம்மறிகளின் கம்பளியில் போர்வை நெய்தவர்கள். 1863-64இல் அமெரிக்க இராணுவம் அவர்களுடைய மந்தைகளையும் பயிர்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடொண்டோவுக்கு நடத்தியே கொண்டுபோனது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். 1880களில் ரயில் வந்தது. தொழிற்சாலைப் போர்வையும் சாய நூலும் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். வியாபாரிகள் போர்வையை விட்டுத் தரைக் கம்பளம் கேட்டார்கள். நிறுத்துப் பார்த்து விலை போட்டதும் உண்டு. நெய்தவரின் பெயரைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் காலத்துப் படக் கம்பளங்களில் மாடு, குதிரை, அமெரிக்கக் கொடி, ரயில் எல்லாம் இருக்கு. கண்ணுக்கு முன்னால் வந்ததைப் பெண்கள் நெய்தார்கள். எல்லை எங்கே என்பதில் அவர்களுக்குள்ளேயே வாதமும் இருந்தது. சடங்கு முடிந்ததும் அழித்துவிட வேண்டிய மணல் ஓவியங்களை ஹாஸ்டீன் கிளா என்ற சடங்கு வைத்தியர் கம்பளமாக நெய்தபோது பலர் எதிர்த்தார்கள்.

இனி சிப்புக்கு வருவோம். 1965இல் ஃபெயர்சைல்ட் கம்பனி நவஹோ நிலத்தில், ஷிப்ராக்கில், சிப் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்கள் அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலானோர் பெண்கள். 1969இல் கம்பனி வெளியிட்ட கையேட்டில் கம்பளக் கோலமும் சிப்பும் ஒப்பிடப்பட்டன. நெசவு பழகிய கைக்கு இந்த வேலை இயல்பாகவே வருமாம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் திறமையை இரத்தத்திலேயே ஊறின குணமாக்கிவிட்டால், அதற்கு விலை கொடுக்கத் தேவையில்லைதானே? 1975இல் ஆட்குறைப்பு நடந்தது. அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் தொழிற்சாலையைக் கைப்பற்றினார்கள். அதோடு கம்பனி மூடிவிட்டுப் போய்விட்டது.

ஷூல்ட்ஸின் கம்பளத்தை இதற்குப் பிறகு பார்த்தால் வேறுமாதிரித் தெரியும். அதுவும் ஒரு சிப் கம்பனி கேட்டு நெய்ததுதான். ஆனால் இது நிறுத்து விற்ற கம்பளமல்ல. கோடு கோடாக எண்ணி நெய்தவரின் பெயர் இதில் இருக்கு. 1983இல் பிறந்த மெலிசா கோடி வீடியோ கேம் பிக்ஸல்களைத் தறிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய கம்பளங்களும் அவருடைய பெயரிலேயே கண்காட்சிக்குப் போகின்றன.

ரயிலை நெய்த பெண்களின் பெயர்களோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. ரயில் மட்டும் கம்பளத்தில் நிற்குது.