ஒப்பந்தக் கூலி முதல் ஒர்க் பெர்மிட் வரை: சென்னைக் கடற்கரையும் நிரந்தர வசிப்புரிமையும்

வெளிநாட்டில் படித்து முடித்தவர் அங்கேயே ஒர்க் பெர்மிட் வாங்கி, ஓராண்டு இரண்டாண்டு வேலை பார்த்து, அதைக் காட்டி ‘பிஆர்’ எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெறுவது இந்த நூற்றாண்டின் புது ஏற்பாடு என்றே பலரும் எழுதுகிறார்கள். கனடாவின் 2005-ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொடங்கி 2024-ஆம் ஆண்டுக் கட்டுப்பாடுகளில் முடியும் கதையாக அது சொல்லப்படுகிறது. வடசென்னையிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் காலவரிசை போதாது. ராயபுரத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் எதிரே உள்ள கடலில், ‘இத்தனை ஆண்டு உழைத்தால் தங்கிக்கொள்ளலாம்’ என்ற பேரத்தை நம்பித் தமிழர்கள் கப்பலேறி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பேரம் எப்படி எழுதப்பட்டது, யார் எப்போது மாற்றி எழுதினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் இருந்த நேட்டால் காலனியின் டர்பன் துறையை அடைந்தது. 342 பேர் அதில் சென்றார்கள். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகில் அலை தாண்டிப் போய்த்தான் ஏற வேண்டும். துறைமுகச் சுவர் எழுப்பும் வேலை 1870-களில்தான் தொடங்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளை இன்றைய குடிவரவு விதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது பயனுள்ளது. கூலி முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் பதினான்கு. ஐந்தாண்டு முடிந்தால் தொழிலாளி முதலாளியின் பிடியிலிருந்து விடுபடலாம். காலனியில் பத்தாண்டு கழித்தவருக்கு ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. திரும்ப விருப்பமில்லாதவர் அந்தப் பயணச் செலவுக்கு ஈடான அரசு நிலத்தைக் கேட்டுப் பெறலாம் என்று 1870-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதாவது, தற்காலிக உழைப்பிலிருந்து நிரந்தரக் குடியிருப்புக்குப் போகும் பாதை சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நிலம் உண்மையில் கிடைத்தது வெகு சிலருக்கே என்பது வேறு விஷயம்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்த வரை இது யாருக்கும் உறுத்தவில்லை. ஒப்பந்தம் முடித்த தமிழர்கள் டர்பனைச் சுற்றி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், சிறு வியாபாரம் செய்தார்கள். கூலியாக வந்தவன் குடியானவனாகி, சந்தையில் போட்டியாளனாக நின்றபோது வெள்ளைக் குடியேறிகளுக்குப் பொறுக்கவில்லை. 1891-இல் நிலம் கொடுக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. 1893-இல் நேட்டாலுக்குப் பொறுப்பாட்சி கிடைத்தது. வெள்ளையர் சட்டமன்றம் கையோடு இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் தங்குகிறவர் ஆண்டுதோறும் 25 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்பது அவர்களின் முதல் யோசனை. வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதற்கு ஒப்பவில்லை. 3 பவுண்டுக்கு ஒப்பினார். 1895-ஆம் ஆண்டின் 17-ஆவது சட்டம் அப்படிப் பிறந்தது. மனைவியும் வயது வந்த பிள்ளைகளும் தனித்தனியே கட்ட வேண்டும் என்றான பிறகு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுண்டு. மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டாத கூலிக்காரனின் ஆண்டு வருமானம் முழுவதையும் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது. தங்குவதை யாரும் தடை செய்யவில்லை. தங்குகிறவனால் கட்ட முடியாத விலையை மட்டும் வைத்தார்கள்.

இந்தச் சட்டத்தில் வரலாற்றாசிரியர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு நுணுக்கம் என் வாதத்துக்கு முக்கியமானது. வரி, சட்டம் வந்த பின் ஒப்பந்தம் எழுதி வந்தவர்களுக்கே பொருந்தும். அவர்களின் ஐந்தாண்டு முடிந்த பிறகே, 1901-இலிருந்துதான் அது வசூலிக்கப்பட்டது. ஏற்கெனவே உழைத்துக் குடியேறிவிட்டவர் தப்பித்தார். இனவெறி கொண்ட ஒரு காலனி அரசுகூட, பழைய வாக்கைப் பழையவர்களுக்குக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1913-இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது.

அடுத்த கட்டம் வங்கக் கடலின் மறுகரையில் நடந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு அனுமதிச் சீட்டு என்ற ஒன்றே வெகுகாலம் தேவைப்படவில்லை. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. போவதும் வருவதும் பழக்கமாக இருந்ததால், ‘நான் இந்த நாட்டில் நிரந்தரமா?’ என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளவே இல்லை. மலேயா சுதந்திரமடைந்த 1957-இல், முதல் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கு தரப்பட்டது. அந்த ஓராண்டைத் தவறவிட்ட தோட்டத் தொழிலாளர்கள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு வெறும் நிரந்தர வசிப்பாளர்களாகவே நின்றார்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடிமக்கள் அல்லாதவர் எல்லோரும் ஒர்க் பெர்மிட் வாங்க வேண்டும் என்றானபோது அவர்கள் தரை நழுவியது. 1969, 70-இல் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் மலேசியாவை விட்டுத் திரும்பினார்கள். பிஆர் கிடைத்துவிட்டால் கரை சேர்ந்தாயிற்று என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பர்மாவின் கதை இன்னும் கடுமை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்காதவர்களும், விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் அந்நியர் பதிவுச் சான்றிதழோடு வாழ்ந்தார்கள். 1964-இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியதும், கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இவர்களின் சுவடு வடசென்னையில் இன்றும் தெரு தெருவாக இருக்கிறது: வியாசர்பாடி சத்தியமூர்த்தி நகர், எண்ணூர் பர்மா நகர், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். வசிப்புரிமை பற்றிய ஆய்வுகள் போய்த் தங்கியவர்களையே எண்ணுகின்றன. தங்க முடியாமல் திரும்பியவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறார்கள். அவர்களையும் எண்ணினால்தான் கணக்கு முழுமை பெறும்.

இதே வட்டாரத்தில் ‘பெர்மனன்ட்’ என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலைக்குப் போகும் ஐடிஐ பையனுக்கும் இந்த 480 தெரியும். நாள் கணக்கு நிறையும் முன்பே ஆளை நிறுத்தி, இடைவெளி விட்டு மறுபடி எடுப்பது, ஒப்பந்ததாரர் பெயரில் எழுதிக்கொள்வது போன்ற தந்திரங்களும் தெரியும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமோ, பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வெளிப்படையாகவே சொன்னது. தந்திரங்கள் இருக்கட்டும்; 480 நாள் சட்டம் தருவது உரிமை. நாள் நிறைந்தால் கேட்கலாம், மறுத்தால் வழக்குப் போடலாம். வெளிநாட்டு ஒர்க் பெர்மிட் தருவது வரிசையில் நிற்கும் தகுதி மட்டுமே. வீட்டில் ‘மூணு வருஷ பெர்மிட், அப்புறம் பிஆர்’ என்று சொல்லப்படும்போது இந்த வேறுபாடுதான் மறைந்துபோகிறது.

பட்டதாரிகளுக்கான நவீனப் பாதைக்கு வருவோம். ஆஸ்திரேலியா 2001-இல், அங்கே படித்து முடித்தவர் நாட்டை விட்டு வெளியேறாமலே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்க இடம் கொடுத்தது. தட்டுப்பாடுள்ள தொழில்களின் பட்டியலில் சமையலும் முடிதிருத்தமும் இருந்ததால் அவற்றுக்கான தனியார் பள்ளிகள் பெருகின. 2010 பிப்ரவரி 8 அன்று அந்தப் பட்டியலையே அரசு ரத்து செய்தது. படிப்பின் நடுவில் இருந்த இந்திய மாணவர்கள் கையில் சான்றிதழும் கடனும் மட்டும் மிஞ்சின. பிரிட்டன் 2008-இல் தந்த இரண்டாண்டு வேலை அனுமதியை 2012 ஏப்ரலில் மூடி, 2021 ஜூலையில் மறுபடி திறந்தது. 2027 முதல் அது பெரும்பாலோருக்குப் பதினெட்டு மாதம். அங்கே அந்தக் காலம், திறன்மிகு பணியாளர் விசாவில் நிரந்தர வசிப்புக்கு வேண்டிய ஆண்டுக் கணக்கில் சேராது என்பதைச் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

கனடாதான் இந்தப் பாதையை முழு வடிவில் கட்டியது. 2005-இல் மாண்ட்ரியல், டொரன்டோ, வான்கூவர் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே படித்து வேலை பார்ப்பவருக்கு இரண்டாண்டு அனுமதி. 2008 ஏப்ரலில் அது நாடெங்கும் மூன்றாண்டு வரை நீண்டது. கையில் வேலை உத்தரவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், கனடிய வேலை அனுபவத்தையே அடிப்படையாகக் கொண்ட தனிக் குடியேற்றப் பிரிவு வந்தது. இரண்டும் சேர்ந்தபோது முழுப் பாதை கிடைத்தது: படி, வேலை பார், தங்கு. 2015 ஜனவரியில் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வந்ததும் அதன் இயல்பு மாறியது. தகுதி பெற்றவர் எல்லோரும் ஒரே தொட்டியில் நிற்பார்கள். வயது, படிப்பு, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றுக்குப் பாயின்ட். அவ்வப்போது அரசு ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் உள்ளவர்களை அழைக்கும். முப்பது வயதைத் தொட்டதும் பாயின்ட் குறையத் தொடங்கும். ஒர்க் பெர்மிட்டோ வாழ்நாளில் ஒரே முறை.

அந்தக் கோடு எங்கே விழும் என்பதை விண்ணப்பதாரரின் தகுதி மட்டும் முடிவு செய்வதில்லை. கொரோனாவால் வெளியிலிருந்து ஆள் வர முடியாத 2021 பிப்ரவரி 13 அன்று கோடு 75 பாயின்டில் விழுந்தது. ஒரே நாளில் 27,332 பேருக்கு அழைப்பு. அந்த ஆண்டு மே 6 அன்று, பட்டதாரிகளுக்கென்று திறந்த சிறப்புப் பிரிவின் 40,000 இடங்களும் ஏறத்தாழ ஒரு நாளில் நிரம்பின. 2024-இல் கனடிய அனுபவப் பிரிவிலேயே 500 பாயின்டுக்குக் கீழே இறங்கவில்லை. இந்த மூன்றாண்டில் மாணவர்களின் தரம் மாறிவிடவில்லை. வீட்டு வாடகை ஏறியது, அரசியல் காற்று திரும்பியது, ஆள்தேவை குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்வு. நவம்பர் 1 முதல் ஒர்க் பெர்மிட்டுக்கே மொழித்தேர்வு, கல்லூரிப் படிப்புகளுக்குத் துறைக் கட்டுப்பாடு. 2025-க்கு 5,00,000 என்று அறிவித்திருந்த நிரந்தர வசிப்பு இலக்கு 3,95,000 ஆகக் குறைக்கப்பட்டது.

இங்கேதான் நேட்டாலோடு ஒப்பீடு கூர்மையாகிறது. துறைக் கட்டுப்பாடு நவம்பர் 1-க்கு முன் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களைத் தொடவில்லை; ஒர்க் பெர்மிட் அளவில் பழையவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. நிரந்தர வசிப்புக்கான கோட்டுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. 2024 மே மாதம் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், பெரும்பாலும் இந்தியர்களான பட்டதாரிகள் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான்: ஏற்கெனவே இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு, நாங்கள் வந்தபோது இருந்த விதியையே பொருத்துங்கள் என்றார்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்காரனுக்குத் தந்த அந்தச் சலுகையை 2024-ஆம் ஆண்டின் பட்டதாரி கேட்டுப் போராட வேண்டியிருந்தது. நேட்டாலில் இருந்த கொடுமை கனடாவில் இல்லை. சவுக்கும் இல்லை, தலைவரியும் இல்லை. எழுத்தில் வாக்களிக்கப்பட்ட நிரந்தரமும் இல்லை.

கடைசியாக ஒரு நிர்வாகச் செய்தி. ஒப்பந்தக் காலத்தில் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி இருந்தார். கப்பலேறும் முன் ஷரத்துகளைத் தொழிலாளி புரிந்துகொண்டாரா என்று உறுதி செய்வது அவர் கடமை. அவர் கடமையைச் செய்த அழகைப் பற்றி நிறையக் குறை சொல்லலாம். ஆனாலும் அப்படி ஒரு பதவி இருந்தது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இன்றும் அந்தப் பதவி உண்டு. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாணவரை அனுப்பும் கன்சல்டன்சிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, கன்சல்டன்சிகளையும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி மையங்களையும் உரிமம் வாங்க வைத்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு இடம் ஒதுக்கிக் குடியமர்த்திய அனுபவமுள்ள தமிழக அரசு, அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறையே வைத்திருக்கும் அரசு, அதுபோன்ற சட்டத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டும். கடன் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன், பெர்மிட்டுக்கும் பிஆருக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தில் தரும் கடமையைக் கன்சல்டன்சிகள்மேல் அந்தச் சட்டம் சுமத்த வேண்டும்.