புகைக் குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும்?



போர்மியூலா வன் பார்க்கும் எமது பிள்ளைகளிடம் காரின் புகைக் குழாய் எதற்கு என்று கேட்டால், புகை வெளியேறுவதற்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதில் 1983 முதல் 2014 வரை பெரிய இழுபறியே நடந்திருக்கிறது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஊரில் சட்டதிட்டங்கள் எழுதும் பெரியவர்களுக்கும் அதில் பாடம் இருப்பதால் இன்று அதைப் பார்ப்போம்.

முதலில் விஞ்ஞானம். ரேஸ் கார் வளைவில் வேகமாகத் திரும்புவதற்கு டயர் தரையை இறுகப் பிடிக்க வேண்டும். காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையில் வளி வேகமாக ஓடினால் அங்கே அமுக்கம் குறையும். மேலே உள்ள வளி காரைத் தரையோடு அமுக்கும். உயர்தர பௌதிகவியலில் நாங்கள் படிப்பிக்கும் பேணூலியின் தத்துவம்தான் இது. காரின் பின்பக்கத்தில் அடித்தளம் மேல்நோக்கி விரியும் பகுதியை டிபியூசர் என்பார்கள். அடியால் வரும் வளியை இழுத்து வெளியேற்றுவது அதன் வேலை.

லோட்டஸ் அணி காரின் அடிப்பகுதியை இறக்கை வடிவில் அமைத்து 1978இல் சம்பியனானது. எல்லோரும் அதைப் பின்பற்ற, வளைவுகளில் வேகம் ஆபத்தான அளவுக்குக் கூடியது. எனவே 1983இல், சக்கரங்களுக்கு இடையில் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே வருடம் ரெனோ அணி புகைக் குழாயை டிபியூசரின் பக்கம் திருப்பியது. வேகமாகப் பாயும் சூடான வாயு, அடியில் உள்ள வளியையும் இழுத்துக்கொண்டு போனது. இழந்த பிடியில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது.

இதில் ஒரு குறை இருந்தது. வளைவில் சாரதி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வாயு குறையும், பிடியும் குறையும். பிடி அதிகம் தேவைப்படும் நேரத்திலேயே கார் தடுமாறும். 1998இல் பெராரி குழாயை மேற்பக்கத்துக்கு மாற்றியது, மற்ற அணிகளும் மெல்ல மெல்ல அதையே செய்தன.

2010இல் ரெட்புல் அணியின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி குழாயை மீண்டும் கீழே கொண்டுவந்தார். போட்டி அணிகள் கவனிக்கக்கூடாது என்று பரீட்சார்த்த ஓட்டத்தில் பழைய இடத்தில் குழாய் போன்ற ஸ்டிக்கரையும் ஒட்டினார்கள்! பழைய குறைக்கு இப்போது மென்பொருளில் மருந்து இருந்தது. சாரதி காலை எடுத்தாலும் எஞ்சின் தொடர்ந்து ஊதும்படி அமைத்தார்கள். காரை ஓட்டுவதற்கு அல்லாமல், குழாயால் ஊதுவதற்கு மட்டுமே எரிபொருள் எரிந்தது. 2011இல் 19 போட்டிகளில் 18இல் முதலிடத்திலிருந்து புறப்பட்டது ரெட்புல் கார்தான்.

சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எப்.ஐ.ஏ. அந்தப் பருவத்தின் நடுவிலேயே தலையிட்டது. எஞ்சின் காரை ஓட்டுவதற்கே, வளியை ஆளுவதற்கு அல்ல என்பது அதன் வாதம். 2011 ஜூலையில் சில்வர்ஸ்டோன் போட்டியில், சாரதி காலை எடுத்த பின் எஞ்சினின் வளிவாயில் 10 வீதம் மட்டுமே திறந்திருக்கலாம் என்று விதித்தார்கள். உடனே பிரச்சினை. எஞ்சின் பழுதாகாமல் இருக்க எமக்கு இவ்வளவு தேவை என்று ஒரு தரப்பு, அவர்களுக்குக் கொடுத்தால் எமக்கும் வேண்டும் என்று மறுதரப்பு. போட்டி வார இறுதியிலேயே சலுகைகள் மாறி மாறி வந்தன. அந்தப் போட்டியில் பெராரியின் அலொன்சோ வென்றார். அடுத்த போட்டிக்கு முன்னரே அணிகள் உடன்பட, தடை கைவிடப்பட்டது.

2012க்கு எப்.ஐ.ஏ. வேறு வழியில் போனது. குழாயின் வாய் காரின் மேற்பக்கத்தில், குறித்த எல்லைக்குள், மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்று அளவோடு எழுதியது. அந்த வருடம் ரெட்புல் முதலிடத்திலிருந்து புறப்பட்டது 20 போட்டிகளில் 8இல் மட்டுமே. ஆனாலும் அணிகள் ஓயவில்லை. ஓடும் தண்ணீரில் கரண்டியின் முதுகைப் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் வளைவோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். கொஆண்டா விளைவு எனப்படும் இதே முறையில், மேலே வெளியேறிய வாயுவைக் காரின் உடலில் ஒட்டவைத்து மீண்டும் டிபியூசரின் ஓரத்துக்கு இறக்கினார்கள். 2014இல்தான் அந்தக் கதவு மூடியது. ஒரே குழாய், காரின் நடுவில், பின்கோடியில். புதிய டர்போ எஞ்சினில் வாயுவின் சக்தியில் பெரும்பங்கை டர்பைனே எடுத்துக்கொண்டதால் ஊதுவதற்கு மிஞ்சியதும் குறைவு.

எங்களுக்கு இதில் தெரிவது இதுதான். சில்வர்ஸ்டோனில் சட்டம் நோக்கத்தைப் பிடிக்கப் பார்த்தது. எஞ்சினைக் காக்க ஊதுகிறானா, வெல்வதற்கு ஊதுகிறானா என்று யார் சொல்வது? நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே, மனிதனிடம் அதற்கு அளவுகோல் இல்லை. குழாய் இருக்கும் இடத்தை அளவுகோல் வைத்து அளக்கலாம், எல்லோருக்கும் ஒரே அளவு.

பாடசாலை விளையாட்டுப் போட்டியானாலும் சங்கத்தின் யாப்பானாலும் பள்ளிவாசல் நிர்வாகமானாலும், விதியை அளக்கக்கூடியதாக எழுதுவோம், போட்டி தொடங்கும் முன்பே எழுதுவோம். அதன் பிறகும் ஓட்டை தேடுபவர்கள் இருப்பார்கள். அடுத்த வருடம் திருத்துவோம். நடுவில் மாற்றினால் தோற்றவர் மட்டுமல்ல, வென்றவரும் மனக்குறையோடுதான் வீட்டுக்குப் போவார்.