கிளிங்கான் குலத் தலைமை

கிளிங்கான்கள் என்போர் ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கற்பனையான வேற்றுக்கோள் போர் இனத்தவர் ஆவர். குரோனோஸ் என்ற கோள் இவர்களின் தாயகம். இவர்களது பேரரசு பல குலங்களால் ஆனது. நிலம், போர்க்கப்பல்கள், வீரர்கள் ஆகியவை குலத்தின் உடைமைகள். அவற்றுக்குப் பொறுப்பானவர் குலத் தலைவர். செல்வாக்கு மிக்க குலங்களின் தலைவர்கள் உயர் மன்றத்தில் அமர்கின்றனர். அம்மன்றத்தின் தலைவரே பேரரசை ஆள்கிறார்.

தோற்றம்

கிளிங்கான்கள் 1967ஆம் ஆண்டு முதல் தொடரில் அறிமுகமாயினர். அப்போது அவர்கள் நாயகர்களுக்கு எதிரிகளாக மட்டுமே காட்டப்பட்டனர். அவர்களின் குலங்களைப் பற்றிப் பேச்சில்லை. 1987இல் தொடங்கிய தொடரில் வோர்ஃப் என்ற கிளிங்கான் விண்கப்பல் அதிகாரியாக இடம்பெற்றார். அவருடைய குடும்பக் கதையின் வழியாக 1990 முதல் குல அமைப்பு விரிவாகச் சித்திரிக்கப்பட்டது. எழுத்தாளர் ரொனால்டு டி. மூருக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

பழியும் குலமும்

கிளிங்கான் வழக்கப்படி தலைவரின் மானமும் குலத்தின் மானமும் வேறல்ல. தந்தை துரோகி எனத் தீர்ப்பானால் அப்பழி பிள்ளைகளையும் சேரும். 1990இல் ஒளிபரப்பான கதையில் இவ்விதியே சிக்கலாகிறது. கிட்டோமர் என்ற குடியேற்றத்தை ரோமுலன்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் வோர்ஃபின் தந்தை மோக் என்று உயர் மன்றம் குற்றஞ்சாட்டுகிறது. உண்மையான துரோகி, டூராஸ் என்ற மன்ற உறுப்பினரின் தந்தை. மன்றத் தலைவர் கிம்பெக்குக்கு இது தெரியும். ஆயினும் டூராஸ் குலம் வலிமை மிக்கது. உண்மை வெளியானால் பேரரசு உள்நாட்டுப் போரில் பிளவுபடும் என்று அவர் அஞ்சுகிறார். பேரரசுக்காகவும் தம்பி கர்னின் உயிருக்காகவும் வோர்ஃப் பழியை ஏற்கிறார். மன்றத்தினர் ஒவ்வொருவராக அவருக்கு முதுகு காட்டித் திரும்புகின்றனர். அவர்களிடையே இது மானத்தைப் பறிக்கும் சடங்காகும்.

இந்தப் பொய்யால் போர் நிற்கவில்லை. கிம்பெக் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறார். டூராஸும் வோர்ஃபின் கையால் மடிகிறார். 1991இல் வெளிவந்த கதையில், பெண்கள் உயர் மன்றத்தில் அமர முடியாது என்பதால், டூராஸின் சகோதரியர் அவருடைய முறைப்படியல்லாத மகனான டோரல் என்ற சிறுவனைத் தலைமைக்கு முன்னிறுத்துகின்றனர். அதை எதிர்த்து கௌரான் ஆட்சிக்கு வர, கிம்பெக் அஞ்சிய அதே போர் மூள்கிறது. டூராஸ் தரப்பு ரோமுலன்களின் மறைமுக உதவியுடன் போரிட்டுத் தோற்கிறது. வோர்ஃபின் குல மானம் மீட்கப்படுகிறது. டோரலைக் கொல்லும் உரிமையும் அவருக்குத் தரப்படுகிறது. தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளையைத் தண்டிக்க அவர் மறுத்துவிடுகிறார்.

வாரிசு இல்லாத குலம்

ஆண் வாரிசின்றித் தலைவர் இறந்தால் குலம் என்னாகும் என்ற கேள்வியை 1994இல் வெளியான ஒரு கதை எடுத்துக்கொள்கிறது. கோசாக் என்ற தலைவர் குடிபோதையில் தம் கத்தி மீதே விழுந்து இறக்கிறார். மானமுள்ள மரணம் அல்லாததால், அவருடைய மனைவி கிரில்கா குலத்தை ஏற்று நடத்தச் சிறப்பு அனுமதி கிடைப்பது அரிதாகிறது. டிகோர் என்ற எதிரி குலத்தைக் கைப்பற்ற முனைகிறார். கிரில்கா, மதுக்கடை நடத்தும் ஃபெரெங்கி இனத்தவரான குவார்க்கை மணந்து குலத்தைக் காக்கப் பார்க்கிறார். கணக்கேடுகளைப் புரட்டும் குவார்க், டிகோர் பல காலமாகப் பணச் சூழ்ச்சியால் அந்தக் குலத்தை நலிவடையச் செய்துவந்ததைக் கண்டுபிடிக்கிறார். பின்னர் மன்றத்தில் நடக்கும் சண்டையில் அவர் ஆயுதத்தைக் கீழே எறிந்துவிட, நிராயுதபாணியை டிகோர் வெட்ட முனைந்து மானமிழக்கிறார். கிரில்கா தம் பெயரிலேயே தலைமை ஏற்க கௌரான் அனுமதிக்கிறார். பெண்களுக்கு மன்றத்தில் இடமில்லை என்றாலும், குலத்தின் உள்ளே தலைவரின் மனைவிக்கு அதிகாரம் உண்டு. குலத்துக்குள் மணமுடித்து வரும் பெண்ணை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் உள்ளதை 1997இல் வந்த ஒரு கதை காட்டுகிறது.

பிறப்பும் தகுதியும்

கௌரான் தொடங்கிய கார்டாசியப் படையெடுப்பில் சேர வோர்ஃப் மறுத்ததால், 1995இல் வெளியான கதையில் மோக் குலம் நிலத்தையும் மன்ற இடத்தையும் இழக்கிறது. குலமற்ற வோர்ஃபைப் பின்னர்த் தம் குலத்தில் சேர்த்துக்கொள்பவர் தளபதி மார்டாக். இவர் கேத்தா தாழ்நிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் இவர் அதிகாரியாக விண்ணப்பித்தபோது, உயர்குடிப் பிறப்பல்ல என்று மறுத்தவர் கோர். 1967இல் திரையில் தோன்றிய அதே கோரை, 1998இல் அதே நடிகர் ஜான் கோலிகோஸ் நடிக்க, இந்தப் பழைய பகையுடன் மீண்டும் கொண்டுவந்தனர். மார்டாக் கப்பலில் கூலியாளாகச் சேர்ந்து, போர்க்களத்தில் காட்டிய வீரத்தால் அதிகாரியானவர்.

1999இல் வெளியான கதையில் கௌரான், தம் பதவிக்குப் போட்டியாக மார்டாக்கைக் கருதி, வெல்ல முடியாத போர்களுக்கு அவரை அனுப்புகிறார். வோர்ஃப் கௌரானை எதிர்த்து மோதிக் கொல்கிறார். மரபுப்படி தலைமை அவருக்கே உரியது. மேலங்கியை அவர் தோளில் போர்த்துகின்றனர்; அதை அவர் கழற்றி மார்டாக்குக்குப் போர்த்துகிறார். பிறப்பைக் காரணம் காட்டி ஒருகாலத்தில் அதிகாரிப் பதவி மறுக்கப்பட்டவர் பேரரசின் தலைவரானார். எனினும் இதற்காக எந்த விதியும் திருத்தப்படவில்லை. டூராஸ், டிகோர் போன்றோருக்கு இடம் தந்த அதே மரபின்படியே மார்டாக்கும் ஆட்சிக்கு வந்தார்.