பல்லாவரத்துக் கல், எழும்பூர் மியூசியம், கோட்டைச் சாலை: ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்



"மெட்ராஸ் சுத்திப் பார்க்கப் போறோம்" என்று மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "மெரினாவாக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மெரினா கடைசியில், அதற்கு முன்னால் மியூசியமும் கோட்டையும் என்றதும் பாதி முகங்கள் வாடிவிட்டன. "அங்க என்னக்கா இருக்கு, ராஜா சாமானும் வெள்ளைக்காரன் துப்பாக்கியும்தானே?" என்றான் ஒருவன். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் ரயில் நிலையத்தில் பதினாறு பேர் கூடினோம். பிளஸ் டூ படிப்பவர்கள், கல்லூரி முதலாண்டுக்காரர்கள் என்று எல்லோரும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பிள்ளைகள்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்றிலிருந்து இந்தப் பாதை புறநகரின் உழைப்பைத் தினமும் நகரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் இதே வண்டியில்தான் போகிறார்கள். துப்புரவு வேலைக்கு, வீட்டு வேலைக்கு, கட்டட வேலைக்கு. எழும்பூரில் இறங்கினாலும் மியூசியம் பக்கம் போவதற்கு அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

நம் வரலாறு எழும்பூரில் தொடங்கவில்லை, அடுத்த ஸ்டேஷனிலேயே தொடங்கிவிடுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-ல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். "சித்தா ஆஸ்பத்திரி" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் அயோத்திதாசர் யாரென்று இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. 1845-ல் பிறந்த சித்த வைத்தியர் அவர். 1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-ல் இறக்கும்வரை நடத்தியவர்.

அடுத்தது பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இங்கே ஒரு சரளைக்கல் குழி அருகே கற்கால மனிதர் செதுக்கிய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வே அந்தக் கல்லில்தான் தொடங்கியது என்பார்கள். ஃபூட்டின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சரளைக் குழியைத் தோண்டியவர்களின் பெயர் நம் கைக்கு வந்து சேரவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்க பாட்டி திரிசூலம் குவாரியில ஜல்லி உடைச்சவங்கக்கா." அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். கல்லூரியில் கேட்டால், பாட்டி வீட்டில் சும்மா இருக்கிறார் என்று சொல்லிவிடுவாளாம். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி பரங்கிமலையைத் தாண்டியது. எம்.சி. ராஜா 1883-ல் பிறந்த ஊர் அது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. கற்கருவிகள் இருக்கும் பகுதிக்குப் போனோம். ஃபூட் சேகரித்தவற்றைச் சென்னை அரசு 1904-ல் விலைக்கு வாங்கி இங்கே சேர்த்தது. பிறகு அமராவதி சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக் கற்கள் இவை. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, ஒரு பகுதி இங்கே நின்றது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ராயப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டுதான், பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள் என்று அயோத்திதாசர் எழுதினார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-ல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அந்த வேலை தொடங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கற்களின் முன்னால் நிற்பதும், தெரியாமல் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்வதும் வேறு வேறு.

வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் ஒரு பையன் ரொம்ப நேரம் நின்றான். "கோயில்ல இவ்வளவு கிட்டப் பார்க்க முடியாதுக்கா" என்றான். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல் என்று சொன்னோம். சட்டம் வந்த பிறகும் இன்றுவரை எத்தனை ஊர்களில் கோயில் கதவுக்கு முன்னால் போலீஸ் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை அவனே சொன்னான்.

இந்த வளாகத்தைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. அதை மரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னோம். 1885 முதல் 1908 வரை இந்த மியூசியத்தின் தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். மூக்கின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அதைச் சாதிவாரியாக அட்டவணை போட்டார். அன்றைக்கு அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். சாதி என்பது பிறப்பிலேயே உடம்பில் எழுதியிருக்கிறது என்ற பொய்க்கு அந்த அளவுகோல் சாட்சி சொன்னது. அவர் ரங்காச்சாரியின் உதவியோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் எழுதி 1909-ல் வெளியிட்டார். இன்றைக்கும் ஆய்வு மாணவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

அந்த நூலின் முன்னுரையில் அவரே ஒன்றைச் சொல்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப்போய், பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அப்படிச் செய்ய முடிந்தால் மாதிரி உருவங்கள் செய்யும் சிரமம் தீர்ந்துவிடுமே என்று தர்ஸ்டன் வேடிக்கையாக எழுதுகிறார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கள் மியூசியத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே தங்களுக்கு என்ன இடம் வைத்திருக்கிறார்கள் என்று சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனோம். புனித ஜார்ஜ் கோட்டையைக் கிழக்கிந்திய கம்பெனி 1640-ல் கட்டத் தொடங்கியது. கோட்டை அருங்காட்சியகத்தில் வாள், பீரங்கி, பீங்கான், கார்ன்வாலிஸ் சிலை எல்லாம் பார்த்தோம். நாங்கள் வந்தது அவற்றுக்காக இல்லை. 1921 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இந்தக் கோட்டையில். எம்.சி. ராஜா அந்த மன்றத்தில் இருந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் 1922-ல் வந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், எதுவானாலும் எந்தச் சாதியாரும் தடையில்லாமல் போகலாம், பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் ஆனது.

அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. வைக்கம் நம் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டு கோட்டைக்குள் நடந்ததையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 1893-லேயே 'பறையன்' என்று இதழுக்குப் பெயர் வைத்து நடத்திய மனிதர், முப்பது வருடம் கழித்துச் சாலையையும் கிணற்றையும் சட்டத்தின் மூலம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அப்போ உத்தபுரம்?" என்றாள் ஒரு மாணவி. சரியான கேள்வி. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சாதிச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதம். தீர்மானம் வந்து 84 ஆண்டுகள் கழித்து. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது 2022 டிசம்பரில். சாலைக்கும் தண்ணீருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கையெழுத்தான அரசாணை இருந்தும் நிலைமை இது. உரிமையைக் காகிதத்தில் வாங்குவது ஒரு போராட்டம், அதைத் தெருவில் நடைமுறையாக்குவது இன்னொரு போராட்டம். முதலாவதை நம் முன்னோர் செய்துவிட்டார்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் எல்லோரும் உட்கார்ந்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-ல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். பெருமையான வரலாறு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1921-ல், பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அதையொட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. கூலியும் கடனும் பசியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லாதபோது ஒற்றுமையை எப்படிக் கட்டுவது என்ற கேள்வி அன்றைக்கு விடையில்லாமல் நின்றது. எம்.சி. ராஜா 1923-ல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதன் பின்னணியிலும் அந்தக் காயம் இருக்கிறது. தொழிற்சங்கத்தில் சேரப்போகும் தோழர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். கசப்பு வளர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறைத்து வைத்தால் அது மறுபடி நடக்கும்.

பாட்டியைப் பற்றிச் சொன்ன பெண் சிலையைச் சுற்றி இரண்டு முறை வந்தாள். "நாலு பேரும் ஆம்பளைங்க. எங்க பாட்டி உடைச்ச கல்லு இதுல இல்லையேக்கா" என்றாள். அன்றைக்கு நாங்கள் சொன்னதையெல்லாம்விட அது நல்ல வரலாற்றுக் குறிப்பு.

திரும்பும் வழியில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசன் நினைவிடத்தையும், 2023-ல் திறக்கப்பட்ட அயோத்திதாசர் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம். காலையில் பெயரே கேள்விப்படாதவர்களுக்கு மாலையில் அவர் தெரிந்த மனிதராகிவிட்டார்.

இப்படி ஒரு பயணத்தை உங்கள் பகுதியிலிருந்தும் நீங்கள் போகலாம். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். போவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து படியுங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு நிற்காமல், இதைத் தோண்டியது யார், சுமந்தது யார், இதற்காக யாரை அளந்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்த அந்த மாணவி செல்போனை நீட்டினாள். பாட்டியின் குரல், நாற்பது நிமிடம். எந்தக் குவாரி, ஒரு நாள் கூலி எவ்வளவு, கண்ணில் சில்லு தெறித்த அன்று யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எல்லாம் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் வாய்மொழி வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். பாட்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்றாள்.

ஜெய்பீம்.