இருக்கையில் ஒருவர், வரப்பில் ஒருவர்

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று. ட்ரோன் பைலட் சான்றிதழுக்கு ஏறத்தாழ ஒரு வாரப் பயிற்சி போதும். இந்த அளவுகளைப் பார்த்தால் இரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாது என்று தோன்றும்.

வயது விதியோ நம் எதிர்பார்ப்பைத் திருப்பிப் போடுகிறது. மாணவ விமானி உரிமம் 16 வயதிலேயே கிடைக்கும். பயிற்றுநர் அனுமதித்தால் அந்தப் பிள்ளை விமானத்தில் தனியாகவே மேலே போகலாம். தரையில் நின்று ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்கு 18 ஆகியிருக்க வேண்டும். தொடக்கத்தில் கேட்கப்படும் படிப்பு இரண்டுக்கும் பத்தாம் வகுப்புதான். ட்ரோன் சான்றிதழ் 10 ஆண்டு செல்லும் என்றன 2021 ட்ரோன் விதிகள். 2023இல் வணிக விமானி உரிமமும் அதே 10 ஆண்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் விமானி இடையிடையே மருத்துவத் தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவற்றைவிட நெருங்கிய உறவு ஒன்றைக் கொல்லிமலை காட்டுகிறது. காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் இந்த மலை குறுக்கே நிற்கும். ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. மலையோ 1,300 மீட்டர், அதாவது 4,000 அடிக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து அளக்கும் ஆல்டிமீட்டர் 3,000 அடி காட்டும்போது, அங்கிருந்து கிளம்பிய மாணவ விமானி ஓடுபாதைக்கு மேல் 2,000 அடியில் இருப்பார். மலைக்கோ கீழே இருப்பார்.

ட்ரோன் பைலட்டின் திரை புறப்பட்ட இடத்தைச் சுழியமாகக் கொள்கிறது. மலை விளிம்புத் தோட்டமொன்றில் 100 அடிக்கு ஏற்றிப் பள்ளத்தாக்குப் பக்கம் நேராக விட்டால் திரையில் 100 அடி அப்படியே நிற்கும். அடியில் நிலம் சரிந்துகொண்டே போகும். அனுமதியுள்ள 400 அடி எப்போதோ கடந்திருக்கும். உயரம் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்ற கேள்வி விமானிக்கும் ட்ரோன்காரருக்கும் பொது.

மலையில் மூடுபனி இறங்கினால் இருவரின் வழிகளும் பிரிகின்றன. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க விமானிக்கு 10 மணி நேரமாவது பயிற்சி உண்டு. ட்ரோன் பைலட்டுக்கோ ட்ரோன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பார்வையை விட்டுப் போய்விட்டால் தானாகத் திரும்பும் வசதியே துணை. அந்தத் திரும்பும் உயரத்தையும் புறப்படும் முன் அவர்தான் குறிக்க வேண்டும். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் எதிர் மேடும் கணக்கில் வராவிட்டால், பத்திரமாகத் திரும்புவதாக நினைத்த ட்ரோன் கிளையில் மோதும்.

மலை தரும் இந்தப் பாடத்தைக் கற்க விமானிக்கு நேரம் இருக்கிறது. தனியாக 300 கடல் மைல் சுற்றி, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி வர வேண்டும் என்ற நிபந்தனையே அவரைப் பல நிலங்களுக்கு மேல் கொண்டுபோகிறது. ட்ரோன் மாணவருக்கு அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலும் சமதளத் திடலிலேயே பயிற்சி முடிந்துவிடுகிறது. மலைக்கிராமங்களுக்குப் போகிறவர்களுக்காவது அந்த ஒரு வாரப் பயிற்சியில் ஒரு நாளைச் சரிவில் வைத்து நடத்த வேண்டும்.