கரிசலின் மண்கோட்டைகள்: சுவரும் கண்மாயும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799-இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது, பிறகு தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள், அக்கோட்டையின் பாளையக்காரர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அடுத்த சில நாள்களில் மேஜர் மெக்காலேயின் படை வந்து பார்த்தபோது, இடித்த கோட்டை மறுபடி எழுந்து நின்றது. இதை வீரக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு வாரத்தில் கோட்டைச் சுவர் எழுப்பும் கைப்பழக்கம் அவ்வூர்க் குடிகளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்தக் கதைக்குள் அமுங்கிப்போனது.

1801 போரில் கும்பினித் தரப்பில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் கோட்டையை அளந்தே காட்டுகிறார்: ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், சராசரி 12 அடி உயர மண்சுவர், இடைவெளி அதிகமின்றிச் சிறு சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. பீரங்கிக் குண்டு பட்டால் கற்சுவர் பிளந்து சரியும். கெட்டித்த மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும், உதிர்ந்த இடத்தை இரவோடிரவாக மண் அப்பி அடைத்துவிடலாம். 1801 மார்ச் 31-ஆம் நாள் நடந்த தாக்குதல் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கிகளும் சேர்ந்த பிறகு, மே 24-இல்தான் கர்னல் அக்னியூவால் கோட்டைக்குள் நுழைய முடிந்தது.

அந்தக் கைப்பழக்கத்தின் வேர் நீரில் இருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் பாலைவனம் அன்று. ஆண்டுக்குச் சுமார் 650 முதல் 800 மி.மீ. வரை மழை உண்டு, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தேக்கினால் நீர், விட்டால் வறட்சி. ஆகவே கோடைதோறும் கரை உயர்த்துவதும் மடை சீர்செய்வதும் வரத்துக்கால் வெட்டுவதும் குடிமராமத்தாக நடந்துவந்தன. கண்மாய்க்கரை போட்ட கைகளே கோட்டைச் சுவரையும் எழுப்பின என்று கொள்வதே பொருத்தம். மண்ணின் பதமும், ஆள்திரட்டும் ஏற்பாடும் முன்னரே கையில் இருந்திராவிட்டால் ஒரு வாரம் போதாது.

நீரும் மண்ணரணும் இப்படிப் பிணைந்ததை ஒப்புநோக்க லிபியாவின் கரமாண்டியர் உதவுவர். ஃபெஸான் பாலையில் ஃபொகாரா என்னும் நிலத்தடிக் கால்வாய்களால் நீர் கொணர்ந்து வேளாண்மை செய்தவர்கள் அவர்கள். 2011-இல் டேவிட் மாட்டிங்லி தலைமையிலான லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன், நூற்றுக்கும் மேற்பட்ட அரண்சூழ் குடியிருப்புகளை அடையாளம் கண்டது. பெரும்பாலானவை கி.பி. 1 முதல் 500 வரையிலான காலத்தவை. அங்கும் சுவர் மண்தான். நிலத்தடி நீர் இறங்கியதும் அரண்களுக்குப் பொருளில்லாமல் போயிற்று. நீரையும் உணவையும் அரணின் உறுப்பாக எண்ணிய குறளின் ‘அரண்’ அதிகாரத்தைப் படித்தவர்க்கு இது புதிதன்று.

நம் கோட்டைகளின் முடிவு வேறு வகையானது. சுவரை இடித்ததால் மட்டும் அவை அழியவில்லை. 1801 அதற்குச் சாட்சி. பாளையக்காரர் காவல் கட்டணமாகத் திரட்டிய தலங்காவல், திசைக்காவல் வருமானத்தைக் கும்பினி பறித்தது, ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, 1803-இல் எஞ்சிய பாளையங்களை பேஷ்குஷ் என்னும் நிலையான கப்பம் கட்டும் ஜமீன்களாக்கியது. அதன்பின் கோட்டை கட்ட யாருக்கும் தேவையில்லை, கட்டச் சொல்ல ஆளுமில்லை. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் படையெடுப்பும் முற்றுகையும் விரிவாக உள்ளன. அவரைப் பின்பற்றிய நாமும் போர்க்களத்தைப் பார்த்தோம், கரையைப் பார்க்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை, 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிமுதலான பாளையங்களில் ஒன்று. இன்று அவ்வட்டாரத்தை வெளியுலகம் பட்டாசு விபத்துச் செய்திகளின் வழியேதான் அறிகிறது. 2021 பிப்ரவரி விபத்தில் அருகிலுள்ள அச்சங்குளத்தின் பெயரும் அப்படியே அடிபட்டது. ஃபெஸானில் மழையின்மை சுவர்களைக் காத்தது. இங்கே ஐப்பசி மழையும் ஏரும் மண்சுவர்களைக் கரைத்துவிட்டதால், பழைய கோட்டைகளைத் தேட வானத்துப் படம் மட்டும் போதாது. கிராம ‘அ’ பதிவேடும் புலப்படமும் பழைய ஜமீன் கணக்கும் கையிலிருக்க வேண்டும். கோட்டைமேடு என்று ஊரார் சுட்டும் இடத்தை அருகிலுள்ள கண்மாயின் மடை, கலுங்கோடு சேர்த்தே அளக்க வேண்டும். 2022 முதல் வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடத்திய மாநிலத் தொல்லியல் துறைக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. சவுடு மண்ணுக்காக மேடுகளைத் தோண்ட அனுமதி தரப்படுமுன், ஏழாயிரம்பண்ணையிலிருந்து இந்தக் கள ஆய்வை அத்துறை தொடங்க வேண்டும்.